எஞ்சின் நின்ற பின் புரொப்பெல்லர்: சொந்தமாகக் கட்டிய சிறு விமானங்களில் சறுக்கிப் பறத்தலின் கணக்கு

ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானம் ஒன்றில் பறக்கும்போது எஞ்சின் வேலை செய்யாமல் போனால், பெரும்பாலான வேளைகளில் புரொப்பெல்லர் நிற்பதில்லை. எதிர்க்காற்று அதைத் தொடர்ந்து சுழற்றுகிறது. அதுவரை விமானத்தை முன்னே இழுத்த அதே புரொப்பெல்லர் அந்த நொடியிலிருந்து விமானத்தைப் பின்னே இழுக்கத் தொடங்குகிறது. அந்த இழுவை எவ்வளவு, எதைப் பொறுத்து மாறுகிறது, விமானி எந்த அளவுக்கு அதைக் குறைக்க முடியும் என்பவையே இச்சொற்பொழிவின் பொருள். தொழிற்சாலையில் தயாரான விமானத்தோடு சோதித்து எழுதிய கையேடு ஒன்று வருகிறது. ஆர்வலர் தம் கொட்டகையில் கட்டிய விமானத்துக்கு அப்படிப்பட்ட கையேட்டை அவரே எழுதிக்கொள்ள வேண்டும். எனவே இந்தக் கேள்வி அவருக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. தரையிறங்கும் வயலை எட்டுவாரா மாட்டாரா என்பதை முடிவு செய்யும் கேள்வி.

பிளேடின் மீது காற்று

புரொப்பெல்லரின் பிளேடு முறுக்கப்பட்ட ஒரு சிறு இறக்கை. அதன் மீது படும் காற்றுக்கு இரண்டு கூறுகள் உண்டு: பிளேடு சுற்றுவதால் எழும் பக்கவாட்டுக் காற்று ஒன்று, விமானம் முன்னேறுவதால் எழும் எதிர்க்காற்று மற்றொன்று. இவை இரண்டும் சேர்ந்து ஒரு சாய்வான திசையிலிருந்து பிளேடைத் தாக்குகின்றன. எஞ்சின் இயங்கும்போது சுழற்சி வேகம் அதிகம். ஆகவே அந்தச் சாய்வு குறைவு. பிளேடின் பிட்ச் கோணம், அதாவது சுழலும் தளத்திலிருந்து பிளேடு திரும்பியிருக்கும் கோணம், அந்தச் சாய்வைவிடப் பெரியதாக இருப்பதால் தாக்குகோணம், அதாவது காற்றின் திசைக்கும் பிளேடுக்கும் இடையிலான கோணம், நேர்மதிப்பில் இருக்கிறது. விசை முன்னோக்கிப் பிறக்கிறது.

எஞ்சின் சக்தி அற்றதும் சுழற்சி வேகம் குறைகிறது. விமானத்தின் முன்வேகமோ அவ்வளவு விரைவில் குறைவதில்லை. காற்று வரும் சாய்வு கூடிக்கொண்டே போய், பிட்ச் கோணத்தைத் தாண்டுகிறது. அப்போது காற்று பிளேடின் பின்முகத்தை விட்டு முன்முகத்தைத் தாக்கத் தொடங்குகிறது, தாக்குகோணம் எதிர்மதிப்பாகிறது, விசை பின்னோக்கித் திரும்புகிறது. ஆனால் அந்த விசையின் சுழற்றும் கூறு, புரொப்பெல்லர் ஏற்கெனவே சுற்றிவந்த திசையிலேயே செயல்படுகிறது. ஆகவே புரொப்பெல்லர் திசை மாறாமல், மின்சாரம் எடுக்கும் காற்றாலையைப் போலச் சுழல்கிறது. காற்றாலை மின்னாக்கியை ஓட்டுகிறது. இங்கே புரொப்பெல்லர் செத்துப்போன எஞ்சினை ஓட்டுகிறது.

சக்தி எங்கே போகிறது

எஞ்சினைச் சும்மா சுற்றுவதற்கும் சக்தி வேண்டும். பிஸ்டன்களும் தாங்கிகளும் உராய்கின்றன. எண்ணெய்ப் பம்பு ஓடுகிறது. ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. இந்தச் சக்தி முழுவதும் காற்றிலிருந்து வர வேண்டும். காற்றுக்கு அதைக் கொடுப்பது விமானத்தின் உயரம். உயரத்தை விற்றுத்தான் எஞ்சின் சுற்றப்படுகிறது.

அளவு புரிய ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு உதவும். சுமார் 5.2 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை நிமிடத்துக்கு 1,000 சுற்று வேகத்தில் சும்மா சுற்ற 5 கிலோவாட் தேவைப்படுகிறது என்று கொள்ளலாம். புரொப்பெல்லர் காற்றாலையாக இயங்குவதற்கென்று வடிவமைக்கப்படவில்லை. அதன் திறன் 60 சதவீதம் என்று வைத்தால், விமானத்திலிருந்து எடுக்கப்படும் சக்தி 8 கிலோவாட்டைத் தாண்டும். 700 கிலோ எடையுள்ள விமானத்துக்கு இது நொடிக்கு 1.2 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 240 அடி கூடுதல் இறக்கம்.

அதே விமானம் புரொப்பெல்லரின் இழுவை இல்லாமல் நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் 3 மீட்டர் வீதம் இறங்கும் என்றால், அதன் சறுக்கல் விகிதம் (இறங்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் முன்னே போகும் மீட்டர்) 13-க்குச் சற்று மேல். 600 மீட்டர் உயரத்திலிருந்து காற்றில்லாத நாளில் அது 8 கிலோமீட்டர் போகும். புரொப்பெல்லர் சுழலும்போது இறக்கம் 4.2 மீட்டராகிறது, விகிதம் 9.5-ஆகச் சரிகிறது, எட்டும் தூரம் 5.7 கிலோமீட்டர் மட்டுமே. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் காணாமல் போய்விடுகிறது. விமானத்தின் இறக்கையிலோ உடலிலோ எந்த மாற்றமும் இல்லை. முன்னால் சுற்றும் இரண்டு பிளேடுகள்தாம் அந்தத் தூரத்தை விழுங்கின.

த்ராட்டிலின் நிலையும் இதில் பங்கு வகிக்கிறது. த்ராட்டில் மூடியிருந்தால் சிலிண்டர்கள் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியிருக்கும், இழப்பு கூடும். திறந்திருந்தால் அழுத்தப்பட்ட காற்று விரியும்போது தான் வாங்கிய சக்தியின் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. சராசரி இழப்பு குறைகிறது. ஆனால் அழுத்த நேரத்தின் உச்சத் தடை பெரிதாகிறது. இந்த உச்சத் தடைதான் புரொப்பெல்லர் எப்போது நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

நின்ற புரொப்பெல்லரின் இழுவை

ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்த நிலைக்கு வரும்போது புரொப்பெல்லர் ஒரு மேட்டை ஏறுகிறது. அதை ஏறவைப்பது காற்றின் விசை மட்டுமன்று, சுழலும் பிளேடுகளின் நிறையில் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றலும்தான். விமானத்தின் வேகம் குறையக் குறையச் சுழற்சியும் குறைகிறது. ஒரு கட்டத்தில் அடுத்த மேட்டை ஏற ஆற்றல் போதாமல் புரொப்பெல்லர் சட்டென்று நின்றுவிடுகிறது.

நின்றபின் அதை மீண்டும் காற்றாலேயே சுழலவைப்பது கடினம். நின்ற பிளேடின் மீது காற்று நேர் எதிரே அடிக்கிறது. பிளேடு முற்றிலும் ஸ்டால் நிலையில், அதாவது காற்றோட்டம் அதன் பரப்பை விட்டுப் பிரிந்த நிலையில், ஒரு தட்டையான பலகையைப் போல நிற்கிறது. சுழற்றும் கூறு சிறிது; உதவிக்கு இயக்க ஆற்றலும் கிடையாது. முதல் மேட்டைக் காற்றின் விசை மட்டுமே ஏற வேண்டும். ஆகவே நின்ற வேகத்தைவிட மிக அதிகமான வேகத்துக்கு மூக்கைக் கீழே நீட்டிப் பாய்ந்தால்தான் அது மறுபடி சுற்றும். அந்தப் பாய்ச்சலுக்கு நூற்றுக்கணக்கான அடிகள், சில விமானங்களில் அதைவிடவும் அதிக உயரம் செலவாகும்.

நின்ற புரொப்பெல்லரும் இலவசமில்லை. 1.8 மீட்டர் விட்டமுள்ள இரு பிளேடு புரொப்பெல்லரில் மையக்கூம்புக்கு வெளியே தெரியும் பிளேடுப் பரப்பு ஏறத்தாழ 0.19 சதுர மீட்டர். வேகத்துக்காக மழமழப்பாகக் கட்டப்பட்ட ஈரிருக்கை விமானம் ஒன்றின் மொத்த உடல் இழுவையும் சுமார் 0.2 சதுர மீட்டர் தட்டையான பலகைக்குச் சமம். அதாவது நின்ற புரொப்பெல்லர் ஒன்றே விமானத்தின் உடல் இழுவையை இரட்டிப்பாக்கும் அளவில் இருக்கிறது. உடல் இழுவை இரட்டித்தால் சிறந்த சறுக்கல் விகிதம் பத்தில் ஏழு பங்காகக் குறைகிறது. அந்த விகிதம் கிடைக்கும் வேகமும் 16 சதவீதம் தாழ்கிறது. விமானம் எவ்வளவு வழுவழுப்போ, புரொப்பெல்லரின் பங்கு அவ்வளவு பெரிது. கம்பிகளும் தூண்களும் வெளியே தெரியும் மெதுவான பழைய பாணி விமானத்தில் அதே புரொப்பெல்லர் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதில்லை.

சுழல்வதா, நிற்பதா, எது குறைந்த இழுவை? விடை பிட்ச் கோணத்தைப் பொறுத்தது. அமெரிக்கக் கடற்படை விமானிகளுக்காக எச். எச். ஹர்ட் எழுதி 1960-இல் வெளிவந்த காற்றியக்கவியல் கையேடு இதைத் தெளிவாகப் பேசுகிறது. பிட்ச் கோணம் சிறிதாக இருக்கும்போது வேகமாகச் சுழலும் புரொப்பெல்லரின் இழுவை மிகப் பெரிது. விமானத்தின் சொந்த உடல் இழுவைக்கு நிகராகவும் அது உயரலாம். எஞ்சின் இல்லாமல் இறங்கும் ஹெலிகாப்டரைக் காற்றில் தாங்குவதும் இதே இயல்புதான். பிட்ச் கோணம் கூடும்போது இந்த வேறுபாடு சுருங்குகிறது. பிளேடு காற்றுக்கு விளிம்பு காட்டும் நிலையை நெருங்கினால் இரண்டு நிலைகளிலும் இழுவை சிறிதே.

சொந்தமாகக் கட்டிய விமானங்களில் காணப்படும் நிலையான பிட்ச் புரொப்பெல்லர்கள் பொதுவாகச் சிறிய அல்லது நடுத்தரக் கோணம் கொண்டவை. ஆகவே நின்ற நிலையில் இழுவை குறைவு என்பதே பொது விதி. ஆனால் வேறுபாட்டின் அளவு எஞ்சினின் உராய்வு, பிளேடின் அகலம், எண்ணிக்கை, கோணம் ஆகிய நான்கையும் பொறுத்து மாறுகிறது. மூன்று அகலப் பிளேடுகள் கொண்ட புரொப்பெல்லரை நிறுத்துவதால் கிடைக்கும் ஆதாயம் இரு ஒல்லிப் பிளேடுகளுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு.

எஞ்சின் வகைகளும் அவற்றின் குணமும்

ஆர்வலர்கள் கட்டும் விமானங்களில் எஞ்சின்கள் பலவகை. ஒவ்வொன்றின் குணமும் வேறு.

லைகாமிங், கான்டினென்டல் போன்ற மரபான எஞ்சின்களில் புரொப்பெல்லர் கிராங்க் ஷாஃப்டோடு நேரடியாகப் பொருந்துகிறது. கனமான அலுமினிய புரொப்பெல்லர் பெரிய சுழற்சி நிறை கொண்டது. சறுக்கிப் பறக்கும் வழக்கமான வேகத்தில் இது தொடர்ந்து சுழலும். ஸ்டால் வேகத்தை, அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகத்தை, நெருங்கும்வரை நிற்காது. அதே எஞ்சினில் மரத்தாலான இலேசான புரொப்பெல்லரைப் பொருத்தினால் அது சற்று அதிக வேகத்திலேயே நின்றுவிடும்.

வோல்க்ஸ்வாகன் கார் எஞ்சினை மாற்றியமைத்த விமான எஞ்சின்களிலும் இணைப்பு நேரடியானது. ஆனால் புரொப்பெல்லர் சிறியது, பெரும்பாலும் மரத்தாலானது, இலேசானது. எஞ்சின் செத்ததும் விமானி மூக்கைத் தாழ்த்தத் தயங்கி வேகத்தை இழந்தால், அது எதிர்பாராத நேரத்தில் நின்றுபோகும். ஸ்டார்ட்டர் இல்லாத விமானத்தில் இது மீண்டும் இயக்கும் வாய்ப்பையே மூடிவிடும்.

ரோட்டாக்ஸ் 912 வரிசையில் எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் இடையே பல்சக்கரப் பெட்டி உண்டு. 100 குதிரைத்திறன் வகையில் அதன் விகிதம் 2.43. காற்று புரொப்பெல்லரை ஒருமுறை சுற்ற வேண்டுமானால் எஞ்சினை 2.43 முறை சுற்ற வேண்டும். தேவைப்படும் முறுக்குவிசையும் அதே அளவு பெருகுகிறது. ஆகவே இந்த எஞ்சின் கொண்ட விமானங்களில் எஞ்சின் நின்றவுடன் புரொப்பெல்லரும் விரைவில் நின்றுவிடுவது வழக்கம்.

கார் எஞ்சினிலிருந்து பெல்ட் வழியாகப் புரொப்பெல்லரை ஓட்டும் அமைப்புகளில் பெல்ட் அறுந்தால் நிலைமை தலைகீழாகிறது. புரொப்பெல்லருக்கு எஞ்சினைச் சுற்றும் சுமை இல்லை. அது தடையின்றிச் சுழலும். இழுவை குறையலாம், ஆனால் சுழற்சி வேகத்துக்குத் தடையாக எதுவும் இராது என்பதால் விமானத்தின் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது கட்டாயம்.

எஞ்சினுக்குள் பெரிய உடைவு நேர்ந்து பிஸ்டனோ தாங்கியோ இறுகிப்போனால் எந்த வகையிலும் புரொப்பெல்லர் உடனே நின்றுவிடும். இதற்கு மாறாக, எரிபொருள் வராததால் நின்ற எஞ்சின் இயந்திர அளவில் முழு ஆரோக்கியத்தோடு சுழன்றுகொண்டிருக்கும். அதன் எரிபொருள் பம்பும் மேக்னெட்டோக்களும் ஓடிக்கொண்டே இருக்கும். எரிபொருள் திரும்பிய நொடியே எஞ்சின் உயிர்பெறும். சுழல்வதால் நேரும் இழுவை, மீண்டும் இயக்கும் வாய்ப்புக்குக் கொடுக்கும் விலை.

பிட்சை மாற்றக்கூடிய புரொப்பெல்லர்

நிலையான சுழற்சி வேகம் காக்கும் புரொப்பெல்லர் கொண்ட விமானத்தில் விமானியின் கையில் ஒரு கருவி இருக்கிறது. புரொப்பெல்லர் நெம்புகோலை முழுவதும் பின்னால் இழுத்தால் பிளேடுகள் பெரிய கோணத்துக்குத் திரும்புகின்றன, சுழற்சி குறைகிறது, எஞ்சினைச் சுற்றச் செலவாகும் சக்தியும் குறைகிறது. பல விமானங்களில் இறக்க வீதம் குறைவதை விமானி உடனே உணர்வார்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஒற்றை எஞ்சின் விமானங்களின் வழக்கமான அமைப்பில், பிளேடைப் பெரிய கோணத்துக்குத் தள்ளுவது எஞ்சினின் எண்ணெய் அழுத்தம். புரொப்பெல்லர் சுழலும்வரை எண்ணெய்ப் பம்பும் ஓடும். எனவே எண்ணெய் இருக்கும்வரை கட்டுப்பாடும் இருக்கும். எண்ணெய் கசிந்து வெளியேறியதால் எஞ்சின் செத்திருந்தால் பிளேடுகள் சிறிய கோணத்துக்குத் திரும்பிவிடும். இழுவை உச்சத்தை அடையும். எதிர்நிறை பொருத்திய சாகச விமானப் புரொப்பெல்லர்களில் இது தலைகீழ்: எண்ணெய் அழுத்தம் போனால் அவை பெரிய கோணத்துக்கே செல்கின்றன. மின்மோட்டாரால் கோணம் மாறும் வகையில், மின்சாரம் போனால் பிளேடு கடைசியாக இருந்த கோணத்திலேயே நின்றுவிடும். எந்த வகை தம் விமானத்தில் இருக்கிறது என்பதைக் கட்டியவர் பறக்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

பிளேடுகளைக் காற்றுக்கு முழுவதும் விளிம்பு காட்டித் திருப்பி நிறுத்துவது ஃபெதர் நிலை. எஞ்சினோடு கூடிய கிளைடர்களில் இது இயல்பான ஏற்பாடு. குரோப் ஜி109 போன்றவற்றில் ஹோஃப்மன் புரொப்பெல்லர் இந்த நிலைக்குத் திரும்பும். இந்த ஏற்பாட்டின் மதிப்பை உலகறிய நிறுவிய விமானம் வாயேஜர். பர்ட் ரூட்டன் வடிவமைத்து, கலிஃபோர்னியாவின் மொஹாவியில் ஒரு சிறு குழு கையால் கட்டிய அந்த விமானத்தில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் 1986 டிசம்பர் 14 முதல் 23 வரை, இடையில் நிற்காமலும் எரிபொருள் நிரப்பாமலும் உலகைச் சுற்றினர். முன்னும் பின்னுமாக இரண்டு எஞ்சின்கள்; எடை குறைந்த பிறகு முன் எஞ்சினை நிறுத்தி, பின் எஞ்சினால் மட்டும் பறப்பது திட்டம். நிறுத்திய முன் புரொப்பெல்லர் இழுவையாக மாறினால் அந்தப் பயணமே நடந்திராது. பயணத்தின் இறுதிக் கட்டத்தில் எரிபொருள் வராமல் பின் எஞ்சின் நின்றது. விமானம் ஆயிரக்கணக்கான அடி உயரம் இழந்தது. முன் எஞ்சினை மீண்டும் இயக்கிய பின்னரே நிலைமை மீண்டது.

பிளேடோ புரொப்பெல்லரோ பிய்ந்துபோதல்

இதுவரை சொன்னவை புரொப்பெல்லர் முழுமையாக இருக்கும் நிலைகள். அரிதாக, எஞ்சின் கோளாற்றின் காரணமே புரொப்பெல்லராக இருக்கும். ஒரு பிளேடு பிய்ந்தால், எஞ்சியது ஒவ்வொரு சுற்றிலும் பெரும் ஏற்றத்தாழ்வு விசையோடு எஞ்சினை உலுக்கும். சில நொடிகளில் எஞ்சின் தாங்குசட்டத்திலிருந்தே பிடுங்கப்படலாம். வாயேஜரின் சோதனைப் பறப்புகளில் ஒன்றிலும் முன் புரொப்பெல்லர் பிளேடு ஒன்று பிய்ந்தது. அதன்பின் இரண்டு புரொப்பெல்லர்களையும் மாற்றினர். இத்தகைய உலுக்கல் தொடங்கியவுடன் செய்ய வேண்டியது எஞ்சினை நிறுத்தி, வேகத்தைக் குறைத்துச் சுழற்சியையும் நிறுத்துவது. இங்கே சறுக்கல் தூரம் இரண்டாம்பட்சம். எஞ்சினை விமானத்தோடு வைத்திருப்பதே முதல் வேலை. எஞ்சின் கழன்றால் மூக்கிலிருந்த எடை போய்விடும். நிறைமையம் பின்னே நகரும். விமானத்தைக் கட்டுப்படுத்தவே முடியாமல் போகலாம்.

நிறுத்துவதா, விடுவதா

நின்ற புரொப்பெல்லர் அதிகத் தூரம் தரும் என்பது தெரிந்தவுடன், எஞ்சின் செத்தால் புரொப்பெல்லரை நிறுத்திவிடலாம் என்ற முடிவு எளிதாகத் தோன்றும். அது பெரும்பாலும் தவறான முடிவு. நிறுத்துவதற்கு விமானத்தை ஸ்டால் வேகத்தின் விளிம்புவரை மெதுவாக்க வேண்டும். எஞ்சின் செத்த பதற்றத்தில், தரைக்கு அருகில், அந்த விளிம்பில் பறப்பதுதான் உயிரைக் குடிக்கும் விபத்துகளின் வழக்கமான தொடக்கம். நிறுத்தியபின் மறுபடி சறுக்கல் வேகத்தை எட்ட மூக்கைத் தாழ்த்த வேண்டும்; அதற்கும் உயரம் செலவு. உயரம் குறைவாக இருந்தால் ஆதாயத்தைவிடச் செலவு மிகும்.

எனவே வரிசை தெளிவானது. முதலில் மூக்கைத் தாழ்த்திச் சறுக்கல் வேகத்தைக் காக்க வேண்டும். அடுத்து இறங்கும் இடத்தைத் தேர்ந்து அதை நோக்கித் திரும்ப வேண்டும். பின்பு எரிபொருள் தொட்டி மாற்றுக்குழாய், பம்பு, இக்னிஷன், கார்புரேட்டர் வெப்பம் ஆகியவற்றைச் சரிபார்த்து எஞ்சினை மீண்டும் இயக்க முயல வேண்டும். பிட்சை மாற்றும் நெம்புகோல் இருந்தால் பின்னே இழுக்க வேண்டும். எஞ்சின் இனி உயிர்பெறாது என்பது உறுதி, உயரம் தாராளம், இறங்கும் இடமோ எட்டத்துக்குச் சற்று அப்பால் என்ற மூன்றும் சேர்ந்தால் மட்டுமே புரொப்பெல்லரை நிறுத்துவதைப் பற்றி எண்ணலாம்.

அளந்து அறிதல்

பயிற்சியின்போது விமானிகள் த்ராட்டிலை முழுவதும் மூடி எஞ்சின் செத்ததாகப் பாவனை செய்கிறார்கள். அந்தப் பயிற்சி அவசியம். ஆனால் அதன் எண்களை நம்பக்கூடாது. ஐடிலில் ஓடும் எஞ்சின் தன் சொந்த உராய்வின் பெரும்பகுதியைத் தானே தாங்கிக்கொள்கிறது. காற்று அதைச் சுற்றவேண்டிய சுமை குறைவு. உண்மையில் செத்த எஞ்சினின் முழுச் சுமையையும் காற்றே தாங்க வேண்டும். ஆகவே நிலையான பிட்ச் கொண்ட விமானத்தில் உண்மையான சறுக்கல், பயிற்சியில் கண்டதைவிடச் செங்குத்தாக இருக்கும்.

தொழிற்சாலை விமானங்களின் கையேடுகள் இந்த நிலையைக் குறித்தே எண்ணைத் தருகின்றன. செஸ்னா 172-இன் கையேட்டில், காற்றால் புரொப்பெல்லர் சுழலும் நிலையில் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 1.5 கடல்மைல் என்று இருக்கிறது. அது 9-க்கு 1. ஆர்வலர் விமானத்துக்கு அந்த எண்ணைக் கட்டியவரே கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்காவில் இதற்கென்று சோதனைக் காலமும் வகுக்கப்பட்டிருக்கிறது: சான்றுபெற்ற எஞ்சின்-புரொப்பெல்லர் இணை கொண்ட விமானத்துக்கு வழக்கமாக 25 மணிநேரம், மற்றவற்றுக்கு 40 மணிநேரச் சோதனைப் பறப்பு. கலிஃபோர்னியாவின் கேஃப் அறக்கட்டளை ஆர்வலர் விமானங்களை அளந்து அறிக்கை வெளியிட்டு வந்தது. அதன் சோதனைகளில் பயன்பட்ட ஜாக் நோரிஸ் என்பவரின் சுழிய உந்துவிசை முறையில், கிராங்க் ஷாஃப்ட் முன்பின் அசைவதை ஓர் உணரி காட்டும். புரொப்பெல்லர் இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை என்ற நிலையில் த்ராட்டிலை வைத்து இறக்கத்தை அளந்தால், விமானத்தின் சொந்த இழுவை தனியே தெரியும். உண்மையான சறுக்கலோடு ஒப்பிட்டால் புரொப்பெல்லரின் பங்கு எஞ்சும்.

அத்தகைய உணரி இல்லாதவரும் பயனுள்ள அளவைப் பெறலாம். அசைவற்ற காலைக் காற்றில், நீண்ட ஓடுபாதைக்கு நேர் மேலே போதிய உயரத்தில், வெவ்வேறு வேகங்களில் 300 மீட்டர் இறங்க ஆகும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தால் போதும். முதலில் ஐடிலில், பின்பு, எஞ்சினை மீண்டும் இயக்கும் முறை நம்பிக்கையோடு கைவந்தபின், ஓடுபாதை எட்டத்திலேயே எஞ்சினை நிறுத்தி, புரொப்பெல்லர் சுழலும் நிலையில். எந்த வேகத்தில் அது நிற்கிறது, ஸ்டார்ட்டர் இல்லாமல் எந்த வேகத்தில் மீண்டும் சுழல்கிறது, அதற்கு எவ்வளவு உயரம் செலவாகிறது என்பனவும் குறிக்கப்பட வேண்டும். மரப் புரொப்பெல்லரை உலோகப் புரொப்பெல்லராக மாற்றினாலும், பிட்சைத் திருத்தினாலும், இந்த எண்கள் பழையவை ஆகிவிடும்; மறுபடி அளக்க வேண்டும்.

மற்றொரு விமானத்தின் எண், நண்பரின் அனுபவம், வடிவமைப்பாளரின் மதிப்பீடு ஆகிய எதுவும் இந்த அளவைக்கு ஈடாகாது. சொந்தக் கையால் விமானம் கட்டும் ஒவ்வொருவரும் பயணியை ஏற்றும் முன் இந்தச் சில எண்களை அளந்து, விமானி கண்ணில் படும் இடத்தில் எழுதிவைக்க வேண்டும்.